திருமலையில் இருந்துகொண்டே ஊடக வேலை: காசு, குரல், சீரியல், சட்டம்

சாம்பல்தீவு_தென்றல்
திருகோணமலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிற நாலு பேர் சேர்ந்து கேட்கிறம். கொழும்புக்குப் போற எண்ணம் இல்லை. இங்கேயே இருந்து செய்யக்கூடியது எண்டு மூண்டு வழி கண்ணுக்குத் தெரியுது: பத்திரிகைக்குப் பிரதேச நிருபர், சொந்தமா ஒரு ஒலிநிகழ்ச்சி, இல்லாட்டிப் படமும் சீரியலும் விமர்சிக்கிற யூடியூப் சனல். எதில காசு வரும், எது பேருக்கு மட்டும்? எங்க இடறும்? 'முயற்சி திருவினையாக்கும்' வேண்டாம் அக்காமார், விபரமாச் சொல்லுங்கோ.

உவர்மலை_அக்கா
நிருபர் வேலையில் இருந்து தொடங்குவோம். பிரதேச நிருபருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திக்கும் படத்துக்கும் எண்ணித்தான் காசு. அனுப்பியதில் எது வரும் என்பதைக் கொழும்பில் உள்ள ஆசிரியர் மேசை தீர்மானிக்கும், பெற்றோல் செலவு உங்கள் தலையில்.

அதனால் சேரும்போதே சில விசயங்களை எழுத்தில் வாங்குங்கள். விலை செய்திக்கா, சொல்லுக்கா? அவர்களே கேட்டு எழுதுவித்துப் பிறகு போடாமல் விட்ட கட்டுரைக்குக் காசு உண்டா? எத்தனை நாளில் வங்கிக்கு வரும்? உங்கள் படத்தை அடுத்த வருடம் மறுபடி பாவித்தால் தனியாகத் தருவார்களா? உங்கள் செய்தியால் வழக்கு வந்தால் சட்டத்தரணிக்கு யார் கட்டுவது? கடைசிக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. 'ஊழியர்' என்று எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்களிடம் 8 வீதம், நிறுவனத்திடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம். 'சுதந்திர ஊடகவியலாளர்' என்று கையெழுத்து வைத்தால் இதில் ஒரு சதமும் இல்லை. ஆனால் எட்டு மணிக்கு வா, லீவுக்கு அனுமதி கேள், வேறு இடத்துக்கு எழுதாதே என்றெல்லாம் சொல்லிவிட்டு 'சுதந்திரம்' என்று பெயர் வைத்திருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிட இடமுண்டு. அப்போது கைகொடுப்பது வருகைக் குறிப்பும் வட்ஸ்அப் கட்டளைகளும்தான். அழிக்காதீர்கள்.

மூதூர்க்காரி
அக்கா சொன்னதோட ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை சேர்ந்தால் மகளிர் பக்கம், கோயில் திருவிழா, பரிசளிப்பு விழா எண்டுதான் அனுப்புவினம். துறைமுகம், காணி, மீன்பிடி எல்லாம் 'அண்ணைமார்' பார்ப்பினம். கேட்டுக்கொண்டு நிண்டால் கிடையாது. ஒரு துறையைத் தானாப் பிடிச்சு, மூண்டு மாதம் விடாமல் அதிலேயே எழுதுங்கோ. பிறகு மேசையே உங்களைத்தான் கூப்பிடும்.

துவங்கச் சுகமானது நீதவான் நீதிமன்றம். திறந்த மன்றம், யாரும் போய் இருக்கலாம். கொப்பியும் பேனையும் மட்டும், உள்ளே படமும் ஒலிப்பதிவும் கூடாது, போன் நிப்பாட்டி வைக்கவேணும். வழக்கு இலக்கம், குற்றச்சாட்டுப் பிரிவு, அடுத்த தவணை மூண்டையும் குறிக்காமல் வெளியில வந்தால் அந்த நாள் வீண். அடுத்த தவணையை நாட்குறிப்பில எழுதி வைக்கிற நிருபர்மார் குறைவு. அதாலதான் கைது செய்தி முதல் பக்கத்தில வரும், விடுதலை எங்கேயும் வராது.

ஒலிப்பெட்டி
ஒலிநிகழ்ச்சி பற்றி. மைக் வாங்கமுதல் அறையைப் பாருங்கோ. திருமலை வீட்டில எதிரி மூண்டு: சீலிங் ஃபேன், சீமெந்துச் சுவர் எதிரொலி, வெளிச்சத்தம். ஃபேனை நிப்பாட்டித்தான் ஆகவேணும், அதனால வெயில் ஏறமுதல் விடியப்புறம், இல்லாட்டி இரவு பத்துக்குப் பிறகு. கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, பாண்காரன் பாட்டு எல்லாத்துக்கும் நேரம் இருக்கு. ஒரு கிழமை குறிச்சுப் பார்த்தால் உங்கட ஒழுங்கையில எந்த நாப்பது நிமிசம் அமைதி எண்டு தெரிஞ்சிடும்.

எதிரொலிக்கு முட்டைத்தட்டு ஒட்டுறது பிரயோசனமில்லை. சேலை நிறைஞ்ச அலுமாரியைத் திறந்துவிட்டு அதைப் பார்த்துக் கதையுங்கோ. முதுகுப் பக்கம் ஒரு மெத்தையை நிமித்தி வையுங்கோ. அரைவாசி குறையும்.

இப்படியான அறைக்குக் கொண்டென்சர் மைக் வேண்டாம், அயல்வீட்டுச் சட்டி விழுற சத்தமும் ஏறும். கிட்ட இருக்கிற குரலை மட்டும் பிடிக்கிற டைனமிக் மைக் நல்லது. வாயில இருந்து ஒரு சாண் தூரம், நேர வைக்காமல் கொஞ்சம் சரிச்சு. இல்லாட்டி 'ப'வில தொடங்குற ஒவ்வொரு சொல்லுக்கும் 'புஃப்' எண்டு காத்து அடிக்கும். பதிவு அமைப்பு: வேவ் கோப்பு, 48 கிலோஹேட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்). உச்சக்குரல் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில நிக்கவேணும். பூச்சியத்தைத் தொட்டு வெடிச்ச குரலைப் பிறகு ஒண்டும் செய்யேலாது. குறைவா ஏறினதை உயர்த்தலாம். தொடங்கமுதல் ஒருத்தரும் கதைக்காமல் முப்பது விநாடி வெறும் அறையைப் பதியுங்கோ. வெட்டி ஒட்டுற இடத்தில அது தேவைப்படும்.

திருத்தேக்க 80 ஹேட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த உறுமலை வெட்டிவிடலாம், பெண்குரலுக்கு அதுக்குக் கீழே ஒண்டும் இல்லை. இரைச்சல் நீக்கியை மட்டும் அளவோட. கூட்டினால் தண்ணிக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிப் போயிடும். ஏத்தமுதல் சத்த அளவு மோனோவில மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தின்ர அலகு), ஸ்டீரியோவில மைனஸ் 16.

கிண்ணியா_ராத்தா
ஒலிப்பெட்டி, வெளிக்கள நேர்காணலுக்குக் கழுத்துமைக் பாவிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்க. அபாயா, பர்தா போட்டவங்களுக்கு எங்க குத்துறது? பாதிப் பேட்டி துணி உரசுற சத்தமாத்தான் வருது.

ஒலிப்பெட்டி
ராத்தா, பர்தாவுக்கு உள்ளே வைக்கிறதுதான் பிழை. நாடிக்குக் கீழே நாலு விரல் தள்ளி, துணிக்கு வெளியே, அசையாத மடிப்பில குத்துங்கோ. வயரை உள்ளால எடுத்து ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டினால் இழுபடாது. சேலையில முந்தானைப் பக்கம் வேண்டாம், மற்றத் தோள்பக்கம் சட்டையில. தாலிக்கொடியும் சங்கிலியும் மைக்கில 'டிக் டிக்' எண்டு தட்டும். கழட்டச் சொல்லாதேங்கோ, அது மரியாதையில்லை. மைக்கை ஒரு பக்கம் விலத்துங்கோ. டச்சுக்குடா, நிலாவெளிக் கரையில கச்சான் காத்துக் காலத்தில பஞ்சு உறை ஒண்டும் தடுக்காது, மயிர் உறைதான் வேணும். போனோட வந்த பழைய மைக்கின்ர செருகுமுனையில மூண்டு கறுப்புக்கோடு, கமராவுக்கு வந்ததில ரெண்டு. ரெண்டு கோடு உள்ளதைப் போனில செருகினால் மைக் வேலை செய்யாது, போனின்ர சொந்த மைக்தான் பதியும். ரெக்கோட் ஓடுதே எண்டு நம்பி வந்திடுவீங்கள். ஒருக்கா மைக்கை விரலால தட்டிக் கேளுங்கோ.

உவர்மலை_அக்கா
குரலைப் பற்றியும் ஒரு சொல். வானொலிக் குரல்தேர்வுக்குப் போகிறவர்கள் 'இனிமையான குரல்' இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது ல-ள-ழ, ர-ற, ன-ண பிரிகிறதா, வசனத்தின் முடிவில் மூச்சு விழுந்துவிடுகிறதா, சிங்கள, முஸ்லிம் பெயர்களைத் தடுக்காமல் சொல்கிறாரா என்பதை. தமிழில் செய்தி நிமிடத்துக்கு நூறு சொல் அளவில் போனால் கேட்கிறவருக்கு விளங்கும். பிரதியில் இலக்கத்தை எழுத்தால் எழுதி, மூச்செடுக்கும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். ஒரு வசனத்தை இரண்டு தாளில் உடைக்காதீர்கள். இலங்கை வானொலியின் இராஜேஸ்வரி சண்முகம் நாடகத்தில் நடித்து வந்தவர். அறிவிப்புப் பழக விரும்பினால் செய்தியை விட நாடகப் பிரதியைச் சத்தமாக வாசிப்பதுதான் நல்ல பயிற்சி.

திரைவிமர்சகி_திருமலை
சனல் கேள்விக்கு வருகிறேன். யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இல்லாவிட்டால் 90 நாளில் ஷோர்ட்ஸ் எனும் குறுவீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை. பிறகும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். வரி விபரப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் எல்லா நாட்டு வருமானத்திலும் 24 வீதம் வரை கழிபடும். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்குக்குத்தான் வரி. தமிழ்ச் சனலுக்கு அது சிறு துண்டு.

படக்காட்சி வெட்டிப் போடுவதுதான் பெரிய பள்ளம். 'முப்பது விநாடிக்குள் என்றால் பிரச்சினையில்லை' என்பது ஊர்க்கதை. அப்படி ஒரு விநாடிக் கணக்குச் சட்டத்திலும் இல்லை, யூடியூப்பிலும் இல்லை. தானியங்கி அடையாளமுறை பாட்டின் சில விநாடியையே பிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். அது உரிமைகோரல் மட்டும், சனலுக்கு ஆபத்தில்லை. உரிமையாளர் நேரடியாக நீக்கச் சொல்லி அறிவித்தால் அது 'ஸ்ட்ரைக்', அதாவது சனலுக்கு விழும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனல் போகும். உங்கள் முகம், உங்கள் குரல், ஓரிரு அசையாப் படம். இதை வைத்துச் சொல்லத் தெரியாதவர் காட்சியை வெட்டிப் போட்டாலும் சொல்லப்போவதில்லை.

சரி, எதைச் சொல்வது? 'பெண்களைக் கேவலமாகக் காட்டுகிறார்கள்' என்று ஒரே பாட்டைப் பாடினால் மூன்றாவது வீடியோவில் ஆள் இருக்காது. எண்ணுங்கள். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985இல் ஒரு சித்திரக்கதையில் வைத்த சோதனை எல்லாருக்கும் தெரியும்: இரண்டு பெண்கள் இருக்கிறார்களா, தங்களுக்குள் கதைக்கிறார்களா, ஆண் அல்லாத ஒன்றைப் பற்றிக் கதைக்கிறார்களா. படத்துக்கு இது நல்ல வலை. ஆனால் மாமியாரும் மருமகளும் சாம்பாரில் உப்பைப் பற்றிச் சண்டை பிடித்தாலே நம் சீரியல் முதல் காட்சியில் பாஸ்! அதனால் சீரியலுக்கு வேறு கேள்வி வேண்டும். ஐந்து பாகம் எடுத்து, காட்சி காட்சியாகக் கொப்பியில் நிரலிடுங்கள்: இடம் எது, யார் கதையைத் தொடங்குகிறார், காசு பற்றிய முடிவை யார் சொல்கிறார், பெண் வெளியே போனால் எதற்குப் போகிறாள், வேலைக்குப் போகும் பெண் திரையில் உண்மையில் வேலை செய்கிற நிமிடம் எத்தனை. கடைசி நிரலை எண்ணிப் பாருங்கள். கம்பனி நடத்துகிற நாயகி கோப்பைத் திறந்து வாசிக்கிற காட்சியே அகப்படாது. அந்த ஒரு எண் உங்கள் தலைப்பு.

மூதூர்க்காரி
சீரியலை எண்ணி என்ன வரப்போகுது? நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை படலையில நிக்கிறான். அதை எழுதுங்கோ முதல்.

திரைவிமர்சகி_திருமலை
அந்தப் படலைக்குள்ளேதான் இரவு ஏழு மணிக்குச் சீரியலும் ஓடுது, மூதூரம்மா. 'பொறுத்துப் போ' என்பதைச் சட்டமும் சொல்லவில்லை, பாடசாலையும் சொல்லவில்லை. எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்றில்லை.

கிண்ணியா_ராத்தா
ரெண்டு பேரும் சரிதான், சண்டை வேணாம். ஆனா நுண்கடனை எழுதுற விதமே பிழையாப் போகுது. கண்ணீர் விடுற அம்மாட படம், 'அதிக வட்டி' எண்டு ஒரு சொல். எவ்வளவு அதிகம்? கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

கடன் 50,000. 'வருசத்துக்கு 24 வீதம்தான்' எண்டு சொல்லுறாங்க. 12 மாசம். வட்டி 12,000, மொத்தம் 62,000, மாசம் 5,167. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஆறு மாசத்துல கடன் தொகையில பாதி திரும்பிப் போயிட்டு, வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 50,000க்கும் எண்ணுறாங்க. குறையுற நிலுவைக்குக் கணக்குப் பார்த்தா வருச வட்டி ஏறக்குறைய 42 வீதம். முதல் நாளே ஆவணக்கட்டணம் எண்டு 2,000 கழிச்சு 48,000தான் கைல குடுத்தா அது 50 வீதம் ஆகிடும். எக்செல்ல 'ரேட்' சூத்திரத்துல தவணை எண்ணிக்கை, தவணைத் தொகை, கைக்கு வந்த காசு மூணையும் போட்டா மாச வீதம் வரும், பன்னிரண்டால பெருக்குங்க. தவணைத் தொகைக்கு முன்னால கழித்தல் குறி போடணும், இல்லாட்டிப் பிழை காட்டும். அந்த அம்மாட தவணைப் புத்தகத்தைப் படம் எடுங்க, பேரும் இலக்கமும் தெரியாம. முகம் தேவையில்ல.

உவர்மலை_அக்கா
முகம் என்றதும் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பாலியல் வன்முறைச் செய்தி. தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு, பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதை வெளியிட்டாலும் குற்றம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. 'பெயர் போடவில்லையே' என்று தப்பமுடியாது.

நடப்பில் எழுதுவது இப்படி: 'இன்ன கிராமத்தைச் சேர்ந்த, தந்தை வெளிநாட்டில் உள்ள தரம் 9 மாணவி, தாயின் சகோதரரான 41 வயது மீனவரால்…' பெயர் இல்லைத்தான். அந்தக் கிராமத்தில் இதற்குப் பொருந்துகிற வீடு ஒன்றே ஒன்று. இதையே 'திருகோணமலை மாவட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒருவர் தொடர்பான வழக்கில் சந்தேகநபர் நீதவான் முன் ஆஜர்செய்யப்பட்டு, இன்ன திகதிவரை விளக்கமறியலில்' என்று எழுதினால் செய்தியில் என்ன குறைந்தது? ஒன்றுமில்லை.

இன்னொரு பொறி: ஒரு பத்திரிகை சந்தேகநபரின் பெயரைப் போடும், உறவைப் போடாது. மற்றது உறவைப் போடும், பெயரைப் போடாது. இரண்டையும் வாசித்தவருக்குப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். இங்கே நிருபர்கள் எல்லாரும் ஒரே நீதிமன்ற வாசலில்தான் நிற்கிறீர்கள். பெயரா, உறவா என்று அங்கேயே பேசி எல்லாரும் ஒரே பக்கம் நில்லுங்கள். உறவுக்காரர் என்றால் இரண்டையும் விடுவதே பாதுகாப்பு. வீட்டுப் படலை, பாடசாலைச் சுவர், அழுகிற தாயின் முதுகு, இந்தப் படங்களும் அதே பிரிவுக்குள்தான் வரும்.

சாம்பல்தீவு_தென்றல்
ஒரு தரவும் கையில இல்லாமல் 'அதிகரித்து வருகிறது' எண்டு எழுதாதே எண்டு விரிவுரையில சொல்லுவினம். அந்தத் தரவை எங்க எடுக்கிறது?

கிண்ணியா_ராத்தா
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அரச அலுவலகத்துக்குத் தமிழ்லயே எழுதிக் கேக்கலாம், ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள்ள தர்றமா இல்லையா எண்டு சொல்லணும். மறுத்தா, இல்லாட்டிப் பதிலே வராட்டி, 14 நாளுக்குள்ள அதே அலுவலகத்துல மேன்முறையீடு கேக்கிற 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு. அவருக்கு மூணு கிழமை. அதுக்கும் பிறகு ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் குடுத்ததும் ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டு வாங்காம வெளியில வராதீங்க, நாள் எண்ணுறது அதுல இருந்துதான்.

தோற்கிறது கேள்வியிலதான். 'பெண் தலைமைக் குடும்பங்களுக்கு ஏன் வீடு குடுக்கல?' எண்டு கேட்டா அது தகவல் இல்ல, விவாதம். '2022, 2023, 2024இல் வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலில் மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் பெண் தலைமைக் குடும்பங்களின் எண்ணிக்கை, பிரிவுவாரியாக. தெரிவுப் புள்ளித்திட்டத்தின் பிரதி' இப்படிக் கேளுங்க. ஒரு கடிதத்துல ஒரு விசயம். ஒம்பது கேள்வியை அடுக்கினா ஒண்டுக்கு இல்ல எண்டு சொல்லி எல்லாத்தையும் இழுப்பாங்க.

திரைவிமர்சகி_திருமலை
ஊடகத்தைப் பற்றியே தரவு வேண்டுமென்றால் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணுகிறது. 1995இல் செய்தியில் வந்தவர்களில் பெண்கள் 17 வீதம், 2020இல் 25. அதே முறையில் நீங்கள் நாலு பேர் நாலு தமிழ்ப் பத்திரிகையை ஒரு கிழமைக்கு எண்ணலாம். ஒவ்வொரு செய்திக்கும்: யாருடைய கூற்று உள்ளது, ஆணா பெண்ணா, எந்தத் தகுதியில் பேசுகிறார் (அதிகாரி, நிபுணர், நேரில் கண்டவர், பாதிக்கப்பட்டவர்), படத்தில் யார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டுக்கு மேல் முரண்பட்டால் உங்கள் விதிகள் தெளிவில்லை, திருத்திவிட்டு மறுபடி. மரண அறிவித்தலையும் விளம்பரத்தையும் சேர்க்காதீர்கள்.

மூதூர்க்காரி
இதெல்லாம் செய்து பேர் வெளியில வரத் துவங்கினதும் கொமெண்ட் வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை எண்டு விடக்கூடியதை விடுங்கோ. மிரட்டல், வெட்டி ஒட்டின படம் வந்தால் அழிக்கவும் வேண்டாம், உடனே புளொக் பண்ணவும் வேண்டாம். முதல் ஸ்கிரீன்ஷொட்: முழுத் திரை, திகதி நேரம் தெரிய, அந்தக் கணக்கின்ர முகவரி இணைப்போட. பேரை மாத்தினாலும் இணைப்பை வைச்சுப் பிடிக்கலாம். ரெண்டாவது ஆளுக்கு மின்னஞ்சலில அனுப்பி வையுங்கோ. பிறகு புளொக், பிறகு பொலிஸ் முறைப்பாடு, முறைப்பாட்டு இலக்கம் கட்டாயம். அந்தரங்கப் படத்தைப் பரப்புவன் எண்டு வெருட்டினால் 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' எண்ட தளம் இருக்கு, 18 வயசுக்கு மேற்பட்டவைக்கு. படம் உங்கட போனை விட்டு வெளியே போகாது, அதின்ர இலக்கமுறைக் கைரேகை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் மாதிரித் தளங்களுக்குப் போய் ஏறவிடாமல் தடுக்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

சாம்பல்தீவு_தென்றல்
நாங்கள் பேசி முடிவெடுத்தது: ரெண்டு பேர் நீதிமன்றமும் நுண்கடனும், ரெண்டு பேர் ஒலிநிகழ்ச்சி. சனல் இப்ப இல்லை. கடைசியா ஒண்டு: நேர்காணல் ஒலிக்கோப்பை எவ்வளவு காலம் வைச்சிருக்கவேணும்? போனில இடமில்லை.

உவர்மலை_அக்கா
போனில் வைக்கவே கூடாது, தங்கச்சி. அன்றிரவே இரண்டு பிரதி: ஒன்று கடவுச்சொல் போட்ட வன்தட்டில், மற்றது வேறு வீட்டில் உள்ள இன்னொன்றில். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது திகதியும் குறியீடும் மட்டும், ஆளின் பெயர் வேண்டாம். குறியீடு யாரென்ற பட்டியல் தனியாக, கையெழுத்தில், ஒரு கொப்பியில். மானநட்ட வழக்குக்கு இரண்டு வருடக் காலவரையறை உண்டு, அதுவரையாவது மூலப்பதிவை வெட்டாமல் வைத்திருங்கள். திருத்திய கோப்பு மட்டும் இருந்தால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒருவர் நின்றால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

ஒலிப்பெட்டி
48 கிலோஹேட்ஸ், 24 பிட், மோனோ ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 520 மெகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டில 1,900 மணித்தியாலத்துக்குக் கிட்ட. இடமில்லை எண்ட கதையை இனிச் சொல்லாதேங்கோ.